மரீனா சில்வா 2008 இல் அமைச்சர் பதவியை விட்டது சரியா?

தாழம்பூ எழுதியது:

பக்கத்து இழையில் பிரேசில் அரசியல் ஓடிக்கொண்டிருந்தபோது ஒருவர், "மரீனா சில்வாவா? பதவியைப் பாதியில் போட்டுவிட்டுப் போனவர்தானே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அங்கே பேச்சைத் திசைதிருப்ப வேண்டாமென்று தனி இழை தொடங்குகிறேன்.

அவரைப் பற்றி அறியாதவர்களுக்கு: பிரேசிலின் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தவர். 1958 பிப்ரவரியில், அமேசான் பகுதியின் அக்ரே மாநிலத்தில், ரியோ பிராங்கோ நகரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி ஒரு ரப்பர் காட்டில் பிறந்தவர். அவர் பெற்றோரின் பதினொரு பிள்ளைகளில் மூன்று தங்கவில்லை. அப்பாவோடு காட்டில் நடந்து ரப்பர் பால் எடுத்து வளர்ந்தார். மலேரியாவும் கல்லீரல் அழற்சியும் மாறி மாறி வந்தன. 16 வயதில் வைத்தியத்துக்காக நகரத்துக்கு வந்தபோது எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டு வேலை செய்தார், கன்னியர் மடத்தில் தங்கினார், முதியோர் கல்வியில் சேர்ந்தார். 1984 இல் அக்ரே மத்தியப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பட்டம் வாங்கினார்.

அப்புறம் ரப்பர் தொழிலாளர் தலைவர் சிக்கோ மென்டிஸுடன் தொழிற்சங்க வேலை. 1988 இல் ரியோ பிராங்கோ மாநகராட்சி உறுப்பினர். 1990 இல் மாநில சட்டமன்றம். 1994 இல், 36 வயதில், செனட்டர். 2003 ஜனவரியில் அதிபர் லூலா அவரைச் சுற்றுச்சூழல் அமைச்சர் ஆக்கினார். 2008 மே 13 அன்று அவரே விலகினார். 2023 ஜனவரியில் அதே லூலாவின் கீழ் அதே துறைக்கு மீண்டும் வந்தார்.

அந்த 2008 விலகலைப் பற்றித்தான் பேச வேண்டும். அது சரியான முடிவு, சரியான நாளில் எடுத்த முடிவு என்பது என் கருத்து. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில் மற்றவர்களைக் கேட்க ஆசை.


அணைக்கரை எழுதியது:

தாழம்பூ, அவருடைய இளமைக்காலம் யாரையும் உருக்கும். ஆனால் ஒரு அமைச்சரை அவர் பிறந்த குடிசையை வைத்து எடைபோடக் கூடாது. கையெழுத்துகளை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

அவர் பதவியில் இருந்த காலத்தில் நடந்தவற்றைப் பாருங்கள். 2003 இல் மரபணு மாற்றிய சோயாவுக்கு அவசரச் சட்டத்தின் வழியே அனுமதி கிடைத்தது. 2005 இல் உயிரிப் பாதுகாப்புச் சட்டம் வந்து அதை நிரந்தரமாக்கியது. இரண்டையும் அவர் எதிர்த்தார், இரண்டிலும் தோற்றார், இரண்டு முறையும் நாற்காலியில்தான் இருந்தார். 2007 இல் மதெய்ரா ஆற்றின் இரண்டு பெரிய அணைகள் வந்தன, சாந்தோ அந்தோனியோவும் ஜிராவும். இபாமா (சுற்றுச்சூழல் அனுமதி தரும் நிறுவனம்) வல்லுநர்கள் அந்த ஆண்டு மார்ச்சில் அனுமதி தரக் கூடாது என்று எழுதினார்கள். ஜூலையில் அனுமதி வந்துவிட்டது. இடையில் என்ன நடந்தது? அமைச்சகம் இபாமாவை இரண்டாகப் பிரித்தது. ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிரித்த பகுதிக்கு வைத்த பெயர் சிக்கோ மென்டிஸ் நிறுவனம் என்பதுதான் எனக்கு மிகவும் வலித்தது.

இத்தனையும் பொறுத்துக்கொண்டவர் கடைசியில் எதற்காக விலகினார்? அமேசான் வளர்ச்சித் திட்டத்தை ஒருங்கிணைக்கும் பொறுப்பை வேறொரு அமைச்சரிடம் கொடுத்தார்கள் என்பதற்காக. அணைக்கு விலகாதவர் அதிகாரப் பங்கீட்டுக்கு விலகினார். என் பார்வையில் இது பிழை.


எண்ணும் எழுத்தும் எழுதியது:

அணைக்கரை சொன்ன தகவல்கள் சரி. ஆனால் அவர் விட்டுவிட்ட பக்கத்தை எண்களோடு வைக்கிறேன்.

பிரேசிலின் விண்வெளி ஆய்வு நிறுவனமான இன்பே, 1988 முதல் செயற்கைக்கோள் படங்களை வைத்து அமேசானில் ஆண்டுதோறும் எவ்வளவு காடு அடியோடு வெட்டப்பட்டது என்று கணக்கெடுக்கிறது. ஆகஸ்ட் தொடங்கி ஜூலை வரை ஒரு கணக்காண்டு. 2004 கணக்கு 27,772 சதுர கிலோமீட்டர். ஏறக்குறைய பெல்ஜியம் நாட்டில் பத்தில் ஒன்பது பங்கு, ஒரே ஆண்டில். 1995ஐ விட்டால் இதுதான் பதிவான ஆண்டுகளிலேயே மோசமானது. அப்புறம் பாருங்கள்: 2005 இல் 19,014. 2006 இல் 14,286. 2007 இல் 11,651. 2008 இல் 12,911 என்று கொஞ்சம் ஏறி, பிறகு இறங்கிக்கொண்டே போய் 2012 இல் 4,571.

இது எப்படி நடந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். முன்பெல்லாம் ஆண்டுக் கணக்கு கையில் வரும்போது காடு போய்ப் பல மாதம் ஆகியிருக்கும். செத்தவருக்குச் சான்றிதழ் எழுதும் வேலை அது. 2004 இல் 'டெட்டெர்' என்ற எச்சரிக்கை முறை வந்தது. படத்தின் நுணுக்கம் குறைவு, ஆனால் அடிக்கடி வரும். இந்த இடத்தில் வெட்டு நடக்கிறது என்று தெரிந்தவுடன் இபாமா ஆட்கள் போய் நிற்கலாம். இந்தத் தகவலை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கும்படி திறந்துவிட்டார்கள். அதன் பிறகு எந்த ஆளுநராலும் "எங்கள் மாநிலத்தில் ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை.

இன்னொன்று. அப்போது கொண்டுவந்த காடழிப்புத் தடுப்புத் திட்டம் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் தனித் திட்டம் இல்லை. 13 அமைச்சகங்களைச் சேர்த்து, அதிபர் மாளிகையின் கீழ் இருக்கும் அமைச்சகத்தை ஒருங்கிணைக்க வைத்தார்கள். நிதி, வேளாண்மை, காவல், நிலம் எல்லாம் ஒரே மேசையில். மரீனாவின் மிகப் பெரிய சாதனை இதுதான் என்பேன். பலவீனமான ஒரு துறை தன் வேலையை மற்றத் துறைகளின் தோளிலும் ஏற்றியது.

2005 ஜூனில் மாட்டோ குரோசோ மாநிலத்தில் மத்தியக் காவல்துறையும் இபாமாவும் சேர்ந்து நடத்திய பெரிய சோதனையில், கள்ள மர அனுமதிச் சீட்டு விற்ற இபாமா அதிகாரிகளே பலர் கைதானார்கள். தன் துறைக்குள்ளேயே கைவைக்க விட்ட அமைச்சர்கள் எத்தனை பேர்?


அணைக்கரை எழுதியது:

எண்களை மறுக்கவில்லை. ஆனால் 2005, 2006 இல் சோயா விலையும் மாட்டிறைச்சி விலையும் விழுந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். விலை விழுந்தால் காடு வெட்டுவது தானாகவே குறையும். 2007 கடைசியில் விலை ஏறியவுடன் வெட்டும் ஏறியதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?


எண்ணும் எழுத்தும் எழுதியது:

நியாயமான கேள்வி. முதல் இரண்டு ஆண்டு இறக்கத்தில் விலைக்குப் பங்கு உண்டு, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் 2008க்குப் பிறகு சோயா விலை மீண்டும் உயரத்தில் இருந்தபோதும் வெட்டு இறங்கிக்கொண்டே போனது. அங்கே விலையை மட்டும் வைத்து விளக்கம் சொல்ல முடியாது. ஏதோ ஒரு பிடி இறுகியிருக்க வேண்டும். அது என்ன பிடி என்பதைத் தாழம்பூ சொல்லப் போகிறார் என்று நினைக்கிறேன்.


தோட்டத்துப் பிள்ளை எழுதியது:

நான் மலேசியா. இந்தத் தளத்தில் பெரும்பாலும் படிப்பதோடு சரி. ஆனால் ரப்பர் என்ற சொல்லைப் பார்த்த பிறகு பேசாமல் போக முடியவில்லை.

என் பாட்டி பேராக்கில் ஒரு தோட்டத்தில் நாற்பது வருடம் மரம் சீவியவர். விடியற்காலை பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), தலையில் விளக்கு, மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்) துடைத்து, பால் எடுத்து, வாளியைச் சுமந்து ஸ்டோருக்குப் போவது. அந்த மரமே மரீனாவின் ஊர் மரம்தான் தெரியுமா? 1876 இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் அமேசானிலிருந்து சுமார் 70,000 விதைகளைக் கப்பலேற்றி லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கு வந்தன, பிறகு மலாயாவில் பரவின. அவற்றுக்குக் கூலி வேலை செய்யத்தான் நம் ஆட்களைக் கப்பலேற்றினார்கள். 1910களில் ஆசியத் தோட்ட ரப்பர் அமேசான் ரப்பரை முந்தியது. அங்கே விலை சரிந்து, காட்டு ரப்பர் எடுத்தவர்கள் அப்படியே கைவிடப்பட்டார்கள். எங்கள் தாத்தா பாட்டி வியர்வையில் வந்த ரப்பர்தான் அவர்கள் பிழைப்பைக் கெடுத்தது என்று நினைக்கும்போது என்னவோ போல் இருக்கிறது. இரண்டு பக்கமும் லாபம் போன இடம் வேறு.

அப்புறம் போர் வந்தது. 1942 இல் ஜப்பான் மலாயாவைப் பிடித்தது. இங்கே நம் ஆட்களைச் சயாம் ரயில்பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதே நேரம் ரப்பர் இல்லாமல் தவித்த அமெரிக்காவுக்காக பிரேசில் அரசு, வறட்சி வாட்டும் வடகிழக்கிலிருந்து, முக்கியமாகச் சியாரா மாநிலத்திலிருந்து, சுமார் 55,000 பேரை அமேசானுக்கு அனுப்பியது. 'ரப்பர் சிப்பாய்கள்' என்று பெயர். ஆயிரக்கணக்கானோர் நோயில் செத்தார்கள். மரீனாவின் பெற்றோரும் சியாராவிலிருந்து அக்ரேவுக்கு வந்து சேர்ந்தவர்கள்தான்.

அங்கேயும் கடன் முறைதான். அரிசியும் உப்பும் துப்பாக்கி ரவையும் முதலாளியின் கடையில்தான் வாங்க வேண்டும். கணக்கை முதலாளிதான் எழுதுவான். படித்தவன் கணக்குக் கேட்பான் என்பதால் காட்டில் பள்ளிக்கூடமே இல்லை. மரீனா 16 வயது வரை எழுத்து தெரியாமல் இருந்ததற்குக் காரணம் ஏழ்மை மட்டும் இல்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.


தாழம்பூ எழுதியது:

தோட்டத்துப் பிள்ளை, இதை எழுதியதற்கு நன்றி. இதிலிருந்துதான் என் பதிலும் கிளம்புகிறது.

மலாயாவில் ரப்பர் மரத்தை வரிசையாக நடலாம். அமேசானில் முடியாது. அங்கே ஒரு பூஞ்சை இருக்கிறது, மரங்கள் நெருங்கி நின்றால் இலையெல்லாம் கருகிவிடும். ஹென்றி ஃபோர்டு 1920களின் கடைசியில் தபஜோஸ் ஆற்றங்கரையில் ஃபோர்டுலாந்தியா என்று ஒரு நகரமே கட்டித் தோட்டம் போட்டுத் தோற்றது இதனால்தான். ஆக அங்கே ரப்பர் மரம் காட்டுக்குள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளித்தான் நிற்கும். காடு நின்றால்தான் பால் எடுப்பவருக்குப் பிழைப்பு. காடு போனால் மாட்டுப் பண்ணை வரும், இவர்கள் நகரத்துச் சேரிக்குப் போக வேண்டும்.

1970களில் பண்ணைக்காரர்கள் அக்ரேவுக்கு வந்தபோது இவர்கள் கண்ட வழிதான் 'எம்பாச்சி'. ஆண், பெண், குழந்தைகள் எல்லோரும் திரண்டு போய், மரம் அறுக்கும் ஆட்களின் முன்னால் நின்று, வேலையை நிறுத்தச் சொல்வது. மரீனா அந்தக் கூட்டத்தில் நின்றவர். 1980 இல் சங்கத் தலைவர் வில்சன் பின்யெய்ரோவைச் சங்க அலுவலகத்திலேயே சுட்டார்கள். 1988 டிசம்பர் 22 அன்று சிக்கோ மென்டிஸை ஷாபுரியில் அவர் வீட்டுக் கொல்லையில் சுட்டார்கள். ஆக மரீனாவுக்குக் காடு என்பது பார்த்து ரசிக்கும் இயற்கைக் காட்சி கிடையாது. தன் சனங்களின் வேலையும் சோறும் அது.

இப்போது 2008. அணைக்கரை சொன்னது போல் திட்ட ஒருங்கிணைப்பை அமைச்சர் மங்கபெய்ரா உங்கருக்குக் கொடுத்தது மே 8 அன்று. ஆனால் அதற்கு முன் நான்கு மாதம் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். 2007 கடைசியில் வெட்டு ஏறுவதாக டெட்டெர் சொன்னது. டிசம்பரில் ஒரு ஆணை வந்தது. அதன்படி ஜனவரியில் மிக அதிகமாகக் காடழிக்கும் 36 நகராட்சிப் பகுதிகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டார்கள். அங்கே பண்ணைகளுக்குக் கடும் கட்டுப்பாடு. பிப்ரவரி கடைசியில் மத்திய வங்கியின் 3545ஆம் தீர்மானம் வந்தது: அமேசான் பகுதியில் நிலத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் ஒழுங்கான பத்திரம் காட்டாதவருக்கு அரசு வேளாண் கடன் கிடையாது, ஜூலை 1 முதல்.

மரம் வெட்டியதற்கு அபராதம் போட்டால் பெரிய பண்ணைக்காரர் கட்டவே மாட்டார், பத்து வருடம் வழக்காடுவார். கடனை நிறுத்தினால் அடுத்த விதைப்புக்கே பணம் இருக்காது. அதனால்தான் எதிர்ப்பு வெடித்தது. மாட்டோ குரோசோ ஆளுநர் பிளைரோ மாகி, நாட்டின் மிகப் பெரிய சோயா குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர், இன்பேயின் எண்களே தப்பு என்றார். தீர்மானத்தைத் தளர்த்தச் சொல்லி லூலாவுக்கு எல்லாப் பக்கமும் நெருக்கடி. அந்த நேரத்தில் ஒருங்கிணைப்பு கைமாறியது என்றால் என்ன பொருள்? தீர்மானத்தைத் தளர்த்தும் மேசையில் இனி அவர் இருக்க மாட்டார்.

அவர் விலகினார். உலகம் முழுதும் செய்தியானது. அமேசானைக் கைவிட்டாரா லூலா என்று எல்லா நாளிதழ்களும் கேட்டன. அவருக்குப் பதிலாக அமைச்சராக வந்த கார்லோஸ் மிங்க் அந்தத் தீர்மானத்தைத் தொட விடவில்லை. ஜூலை 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது. ஆகஸ்டில் மரீனாவின் குழு முன்பே வகுத்திருந்த அமேசான் நிதியும் தொடங்கியது, நார்வே 100 கோடி டாலர் வரை தருவதாகச் சொன்னது. அவர் நாற்காலியில் ஒட்டிக்கொண்டு இருந்திருந்தால் அந்தத் தீர்மானத்தை ஓசையில்லாமல் நீர்க்கச் செய்திருப்பார்கள் என்று உறுதியாக நம்புகிறேன். அவர் போனதால்தான் அதைத் தொட யாருக்கும் துணிவு வரவில்லை.


அணைக்கரை எழுதியது:

இந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை. கடன் தீர்மானம் பற்றி மேலோட்டமாகத்தான் தெரியும். அந்த அளவில் ஒப்புக்கொள்கிறேன்: 2008 மே விலகல் பயன் தந்தது.

ஆனால் மதெய்ரா அணைகளை மறக்க மாட்டேன். அந்த ஆற்றங்கரை மீனவர்களுக்கு உங்கள் விளக்கத்தில் ஒன்றும் இல்லை. ஆற்றில் பெரிய கெளுத்தி வகை மீன்கள் முட்டையிட ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மேலேறிப் போகும். நடுவில் சுவர். ஒரு கெளுத்தி மீனுக்காக அணையை நிறுத்துகிறார்கள் என்று அதிபரே அலுத்துக்கொண்ட காலம் அது. அன்றைக்கு அமைச்சர் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறியிருக்க வேண்டும்.


தாழம்பூ எழுதியது:

அணைக்கரை, இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அனுமதியில் கூடுதல் நிபந்தனைகள் சேர்த்தார் என்று சொல்லலாம், அது போதாது என்பது எனக்கே தெரியும். அந்த இடத்தில் அவர் தோற்றார்.


மழைமேகம் எழுதியது:

புதிதாகப் படிப்பவள் என்ற முறையில் ஒரு கேள்வி. இவ்வளவு பெயர் பெற்றவர் அதிபர் தேர்தலில் ஏன் ஜெயிக்கவில்லை? 2018 இல் ஒரு விழுக்காடு என்று எங்கோ பார்த்தேன், நம்ப முடியவில்லை.


பழைய வாசகர் எழுதியது:

மழைமேகம், சுருக்கமாகச் சொல்கிறேன் மகளே. 2009 இல் லூலாவின் தொழிலாளர் கட்சியை விட்டுப் பசுமைக் கட்சிக்குப் போனார். 2010 இல் 1.96 கோடி ஓட்டு, 19 விழுக்காட்டுக்கு மேல், மூன்றாம் இடம். சொந்தக் கட்சி தொடங்கினார். 2013 இல் போதிய கையெழுத்து இல்லை என்று தேர்தல் நீதிமன்றம் பதிவு மறுத்தது. அதனால் சோசலிஸ்ட் கட்சியில் எடுவார்டோ காம்போஸுக்குத் துணை அதிபர் வேட்பாளரானார். 2014 ஆகஸ்ட் 13 அன்று காம்போஸ் விமான விபத்தில் இறந்தார். மரீனா முதன்மை வேட்பாளரானார். சில வாரம் கருத்துக்கணிப்புகளில் தொழிலாளர் கட்சி அதிபர் டில்மா ரூசெஃப்பை முந்தக்கூடியவராகவே தெரிந்தார். அப்போது தொழிலாளர் கட்சி போட்ட விளம்பரங்கள் கொடுமையானவை. மத்திய வங்கிக்குத் தன்னாட்சி என்று இவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, இவர் வந்தால் ஏழை வீட்டு மேசையிலிருந்து சோறு மறைந்துவிடும் என்று படமே காட்டினார்கள். பட்டினியில் வளர்ந்த பெண்ணைப் பார்த்து! கடைசியில் 2.2 கோடி ஓட்டு, மீண்டும் மூன்றாம் இடம்.

ஆனால் அவர் பக்கமும் பிழை உண்டு. ஒருபால் திருமணத்துக்கு ஆதரவாகத் தேர்தல் அறிக்கையில் இருந்ததை வெளியிட்ட மறுநாளே மாற்றினார். இரண்டாம் சுற்றில் டில்மாவை எதிர்த்து நின்ற ஏசியோ நெவெஸை ஆதரித்தார். இடதுசாரிகள் பலர் அன்றோடு அவரைக் கைகழுவினார்கள். 2018 இல் நாடு இரண்டாகப் பிளந்து நின்றபோது நடுவில் நின்றவருக்கு இடமே இல்லை. அதுதான் அந்த ஒரு விழுக்காடு.

அவருடைய நம்பிக்கை பற்றியும் சொல்ல வேண்டும். இளம் வயதில், ஏழைகள் பக்கம் நிற்பதே விசுவாசம் என்ற விடுதலை இறையியல் பாதிரியார்கள் வழியாகத்தான் போராட்டத்துக்கு வந்தார். 1990களில் பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்தார். வலதுசாரிச் சபைகள் இவரைத் தங்கள் ஆளாக ஏற்கவில்லை, இடதுசாரிகள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். நானும் வேதம் படிக்கிறவன். படைப்பைக் காப்பது விசுவாசத்தின் பகுதி என்று அவர் பேசும்போது அதில் பாசாங்கு இருப்பதாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.


எண்ணும் எழுத்தும் எழுதியது:

இரண்டாம் பதவிக்காலத்துக்கும் வருவோம். வலதுசாரி அதிபர் பொல்சனாரோ ஆட்சியில் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ரிக்கார்டோ சாலெஸ், 2020 ஏப்ரல் அமைச்சரவைக் கூட்டத்தில், பத்திரிகைகளின் கவனம் கோவிட் மீது இருக்கும்போதே விதிகளைத் தளர்த்திவிடலாம் என்று சொன்னது காணொளியாகவே வெளிவந்தது. 2021 கணக்கு 13,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. மரீனா 2022 செப்டம்பரில் லூலாவோடு மீண்டும் சேர்ந்தார், அதுவும் எழுத்தில் ஒரு கோரிக்கைப் பட்டியலைக் கொடுத்துவிட்டு. சாவோ பாலோவில் 2.37 லட்சம் ஓட்டில் நாடாளுமன்ற உறுப்பினரானார். 2023 இல் அமைச்சர். 2024 கணக்கு சுமார் 6,300 சதுர கிலோமீட்டர், 2025 இல் 5,800க்குச் சற்றுக் கீழே.

ஒரு எச்சரிக்கை: இந்தக் கணக்கில் அடியோடு வெட்டிய காடுதான் வரும். 2024 வறட்சியில் நெருப்பில் வெந்துபோன காடு பெரும்பாலும் இதில் தெரியாது. இறங்குகிற எண்ணை மட்டும் பார்த்து நிம்மதியடையக் கூடாது.


அணைக்கரை எழுதியது:

இப்போது என் அடுத்த கேள்வி, இதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுப்பது. 2023 மே மாதம் நாடாளுமன்றம் அவர் அமைச்சகத்திடமிருந்து கிராமப்புற நிலப் பதிவேட்டையும் தேசிய நீர் நிறுவனத்தையும் பிடுங்கியது. அவர் விலகவில்லை. அமேசான் முகத்துவாரத்தை ஒட்டிய கடற்பகுதியில், அமாப்பா மாநிலத்துக்கு எதிரே, எண்ணெய்க் கிணறு தோண்ட அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோபிராஸ் கேட்ட அனுமதியை இபாமா 2023 இல் மறுத்தது. 2025 அக்டோபர் 20 அன்று கொடுத்துவிட்டது. பிரேசிலின் பெலெம் நகரில் உலகக் காலநிலை மாநாடு தொடங்க மூன்று வாரமே இருந்தது. அப்போதும் அவர் விலகவில்லை. 2008 இல் விலகியது சரியென்றால், 2025 இல் விலகாதது தப்பு இல்லையா? இரண்டும் எப்படிச் சரியாக முடியும்?


மழைமேகம் எழுதியது:

அதற்கு முன் 2025 மே மாதச் செனட் குழுக் கூட்டத்தைப் பற்றி யாராவது எழுதுங்கள். காணொளியைப் பார்த்துவிட்டு எனக்குக் கை நடுங்கியது.


பழைய வாசகர் எழுதியது:

2025 மே 27. அமேசான் வழியே போகும் நெடுஞ்சாலை, எண்ணெய் அனுமதி பற்றிக் கேள்வி கேட்க அவரை அழைத்திருந்தார்கள். குழுத் தலைவரான செனட்டர் அவரைப் பார்த்து, உங்கள் இடத்தில் இருங்கள் என்றார். இன்னொரு செனட்டர், பெண்ணாக உங்களை மதிக்கிறேன், அமைச்சராக மதிக்க முடியாது என்றார். அதே ஆள் சில மாதம் முன்பு ஒரு கூட்டத்தில், இவர் பேச்சைக் கழுத்தை நெரிக்காமல் மணிக்கணக்கில் கேட்க வேண்டியிருந்தது என்று பேசியவர். மரீனா மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்கவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டார். அரங்கை விட்டுத்தான் வந்தார், பதவியை விட்டு இல்லை.


தாழம்பூ எழுதியது:

அணைக்கரை, உங்கள் கேள்வியை இரண்டு நாள் மனதில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

2008 இல் அவர் விலகியபோது பின்னால் காப்பாற்ற ஒன்று இருந்தது: எழுத்தில் வந்துவிட்ட தீர்மானம், ஓடத் தொடங்கிய எச்சரிக்கை முறை, அதை நடத்தத் தெரிந்த ஆட்கள். லூலாவுக்கும் உலகத்தின் முன் நல்ல பெயர் வேண்டியிருந்தது. இவர் போனது லூலாவைத்தான் கட்டிப்போட்டது.

2025 இல் கைமுறுக்குவது லூலா மட்டும் இல்லை, நாடாளுமன்றம். ஜூலையில் சுற்றுச்சூழல் அனுமதிச் சட்டத்தையே தளர்த்தி ஒரு மசோதாவை நிறைவேற்றினார்கள். ஆகஸ்டில் லூலா அதன் 63 பிரிவுகளுக்கு வீட்டோ போட்டுத் தடுத்தார். பெலெம் மாநாடு முடிந்து ஒரு வாரத்துக்குள் நாடாளுமன்றம் அந்த வீட்டோக்களில் பெரும்பாலானவற்றை ரத்து செய்தது. இப்படிப்பட்ட சபைக்கு முன்னால் அவர் விலகினால் யாருக்கு வெட்கம்? கைதட்டுவார்கள். காலி நாற்காலியில் எப்படிப்பட்டவர் வந்து உட்காரலாம் என்பதை 2019 முதல் நான்கு ஆண்டு அவர் வெளியே நின்று பார்த்தவர். விலகுவது 2008 இல் ஒரு ஆயுதமாக இருந்தது. 2025 இல் அது எதிரிக்குக் கொடுக்கும் பரிசு.

எண்ணெய் அனுமதி வலிக்கிறது, அதைப் பூசி மெழுக மாட்டேன். பெலெமில் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவிலிருந்து விடுபட ஒரு வழித்தடம் வேண்டும் என்று அவர் போராடினார், இறுதி உரையில் அது இடம்பெறவில்லை. நிறைவு அமர்வில் அவர் பேசியபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. கைதட்டலால் கிணறு மூடாது என்று நீங்கள் சொல்வீர்கள். ஆமாம்.


அணைக்கரை எழுதியது:

சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லிவிட்டீர்கள். எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் 'பாதியில் ஓடியவர்' என்று இனி யாராவது எழுதினால் நானே இந்த இழையைக் காட்டுவேன்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 1990 இல் ஷாபுரி பக்கம் 9 லட்சம் ஹெக்டேருக்கு மேல் ஒதுக்கி உருவாக்கிய சிக்கோ மென்டிஸ் காப்பகத்துக்குள்ளேயே இப்போது மாடு வளர்ப்பு பரவிவிட்டது. ரப்பர் பாலுக்கு விலை இல்லை, மாட்டுக்கு விலை இருக்கிறது. பால் எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளே காட்டை வெட்டிப் புல் போடுகிறார்கள். அவர்களைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. எந்த அமைச்சர் வந்தாலும் காட்டுப் பாலுக்கு ஒரு நல்ல விலை கொடுக்காமல் இது நிற்காது.


தோட்டத்துப் பிள்ளை எழுதியது:

அணைக்கரை அண்ணா, இங்கேயும் அதே கதைதான். ரப்பர் விலை விழுந்ததும் மரத்தைச் சாய்த்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்டார்கள். பாட்டி இருந்த தோட்டத்தில் இப்போது ஒரு பால்மரம்கூட இல்லை. பெரட்டுக்களம் இருந்த இடமும் தெரியாது.

இந்த இழையைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். அக்ரேவில் பால் எடுக்கும் ஒரு காணொளியையும் போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. கத்தியைப் பிடிக்கும் விதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அந்த ஆள் ஒரு மரத்தை முடித்துவிட்டுக் காட்டுக்குள் நடந்து நடந்து அடுத்த மரத்துக்குப் போவதைப் பார்த்துவிட்டு, "எங்களுக்கு ஒரே நெரையில் மரம் நின்றது. ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் இவ்வளவு தூரமா? அப்படியென்றால் அந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு எழும்பியிருக்கும்?" என்று கேட்டார்.